மெல்லிய தகட்டில் மரை நிற்காது

ஐந்தாவது தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் மட்டும் அந்த ஆம்ப்ளிஃபயர் கரகரத்தது. மற்ற தந்திகளில் ஒரு குறையும் இல்லை. திருச்சியில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும் தம்பி ஒருவர் அதை ஆட்டோவில் ஏற்றி என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். மின்சுற்றும் ஸ்பீக்கரும் ஒரே மரப்பெட்டிக்குள் இருக்கும், டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழல் வால்வுகளில் ஓடும் ஆம்ப்ளிஃபயர். அமெரிக்காவில் செய்தது. இவர் கைக்கு வருவதற்குள் இரண்டு மூன்று பேரிடம் இருந்திருக்கிறது.

"அண்ணே, வால்வு எல்லாம் மாற்றிவிட்டேன். ஸ்பீக்கரையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். சத்தம் மட்டும் போகவில்லை" என்றார். கையில் இருந்த சேமிப்பெல்லாம் அதில் போயிருந்தது.

அவரை அந்த ஒரு தந்தியையே மீட்டிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, பெட்டியின் ஒவ்வொரு இடத்திலும் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். பின்பக்க உலோகப் பலகையை அழுத்தியபோது கரகரப்பு சட்டென்று நின்றது. கையை எடுத்ததும் திரும்பி வந்தது. ஐந்தாவது தந்தியின் ஒலி 110 ஹெர்ட்ஸ். தளர்ந்து கிடக்கும் ஓர் உலோகப் பெட்டி தனக்குப் பிடித்த அதிர்வு வரும்போது மட்டும் கூடவே ஆடும். பழுது மின்சுற்றில் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. மின்சுற்றைத் தாங்கும் சேஸி பெட்டிக்குள் ஆடிக்கொண்டிருந்தது.

இந்த வகை ஆம்ப்ளிஃபயரில் சேஸி தலைகீழாகத் தொங்குகிறது. அதன் திறந்த வாய் மேலே, மரப்பெட்டியின் மேல் பலகைக்கு அடியில் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர்களும் வால்வுகளும் கீழே பார்த்துத் தொங்கும். மேல் பலகை வழியாக இறங்கும் நான்கு போல்ட்டுகள், சேஸியின் உள்பக்கம் மடித்த விளிம்பில் பதித்திருக்கும் நான்கு நட்டுகளைப் பிடிக்கின்றன. இரும்பும் செம்புமான அவ்வளவு எடையும் அந்த நான்கு மரைகளை நம்பித்தான் இருக்கிறது. திருப்புளியை வைத்துப் பார்த்தேன். இரண்டு போல்ட்டுகள் இறுக்கமாக இருந்தன. ஒன்று எவ்வளவு திருகினாலும் இறுகாமல் வழுக்கியது. இன்னொன்று திருகத் திருக, உள்ளே இருக்கும் நட்டும் சேர்ந்து சுற்றியது. பாதிப் பிடியில் அந்த எடையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் வாரா வாரம் ஆராதனைக்கு வாசித்திருக்கிறார். நினைத்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

போல்ட்டுகளைக் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தபோதுதான் கதை விளங்கியது. இறுக்கமாக இருந்த இரண்டும் ஒரு நிறம், மற்ற இரண்டும் வேறு நிறம். வெர்னியர் வைத்து அளந்தேன். முதல் இரண்டும் 4.8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மற்றவை 4.9. முதலிரண்டு அமெரிக்க அளவு, அதாவது 10-32: பெயரளவு விட்டம் 4.83 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்துக்கு 32 மரை. மற்ற இரண்டும் நம் ஊர்க் கடையில் கிடைக்கும் எம்5: பெயரளவு விட்டம் 5 மில்லிமீட்டர், மரைக்கு மரை 0.8 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 32 என்றால் மரை இடைவெளி 0.794 மில்லிமீட்டர். பாருங்கள், எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது! மரை அளக்கும் கேஜை வைத்தால் இரண்டும் ஒன்று போலவே பொருந்தும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் முதல் இரண்டு சுற்றில் தெரியாது. மூன்றாவது சுற்றில் கொஞ்சம் இறுகும். அங்கே நிறுத்தாமல் பெரிய திருப்புளியைப் போட்டு முறுக்கினால், எம்5 தன் வழியைத் தானே வெட்டிக்கொண்டு போகும். யாரோ அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

இந்தக் குடும்பத்தில் இன்னும் இரண்டு பேர் உண்டு. பழைய பிரிட்டிஷ் கருவிகளில் வரும் 2பிஏ அளவின் விட்டம் 4.7 மில்லிமீட்டர், இடைவெளி 0.81. மரையின் கோணம்கூட வேறு: மெட்ரிக்கிலும் அமெரிக்க அளவிலும் 60 பாகை, பிஏவில் 47.5 பாகை. நம் பழைய இரும்புக் கடைகளில் இன்னும் கிடைக்கும் 3/16 அங்குல விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு போல்ட்டின் விட்டம் 4.76, ஆனால் அங்குலத்துக்கு 24 மரைதான். ஆக நான்கு போல்ட்டுகள், தடிமனில் 0.3 மில்லிமீட்டருக்குள். டப்பாவில் கைவிட்டு எடுக்கிறவர் எதை வேண்டுமானாலும் எடுப்பார். அதனால் என் பட்டறையில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்த ஆம்ப்ளிஃபயர் வந்தாலும், கழற்றும் முதல் போல்ட்டை வெர்னியரில் அளந்து ஒரு சீட்டில் எழுதிவிடுவேன். அரை நிமிட வேலை அது.

அடுத்து நான் செய்ததை வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்காக நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் வால்வு ஆம்ப்ளிஃபயர் பாதுகாப்பானதாகிவிடாது. உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்கள் 400 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். அன்று நான் மீட்டரை வைத்தபோது, மின்சாரம் நின்று கால் மணி நேரம் ஆன பிறகும் 300 வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது. 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் நன்றாக உறையிட்ட வயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து எப்போதும் தயாராக வைத்திருக்கிறேன். ஒரு முனையைச் சேஸியில் கவ்வவிட்டு, இன்னொரு முனையை ஒரே கையால் கண்டென்சரில் தொட்டுப் பிடிப்பேன். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஒரு நிமிடம் பிடித்த பிறகு மீட்டர் 2 வோல்ட் காட்டியது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் 9 வோல்ட். கண்டென்சருக்குள் ஒட்டியிருக்கும் மிச்சம் இப்படித்தான் மெல்ல மேலே வரும். மறுபடி வடித்தேன். இதில் கை பழகாதவர்கள் திறமையைக் காட்டத் தேவையில்லை. மரை வேலை மட்டும் வேண்டும் என்றாலும், இந்தப் படியைத் தெரிந்தவர் கையால் செய்துகொள்ளுங்கள்.

இனி மரை. வழுக்கிய நட்டு முதலில். மரை வெட்டும் எஃகுக் கருவியான டேப்பை அமெரிக்க அளவில் வாங்கி உள்ளே ஓட்டினால் மரை சுத்தமாகிவிடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். திருச்சியில் அந்த டேப் எனக்குக் கிடைத்ததில்லை. கிடைத்தாலும் இங்கே பயன் இல்லை. எம்5 புகுந்து வெட்டிய நட்டில் உலோகம் ஏற்கெனவே போய்விட்டது. டேப் மரையை வெட்டும், போன உலோகத்தை வளர்க்காது. மரை நசுங்கி மட்டும் இருந்தால் கதை வேறு. அப்போது ஒரு நல்ல எஃகு போல்ட்டை எடுத்து, நுனியிலிருந்து நீளவாக்கில் முக்கோண அரத்தால் மூன்று பள்ளம் போட்டு, எண்ணெய் தடவி உள்ளே முன்னும் பின்னுமாக ஓட்டினாலே போதும். நசுங்கிய மரை எழுந்து நிற்கும். பல தடவை இதை வைத்தே காரியத்தை முடித்திருக்கிறேன்.

இங்கே நான் எடுத்த முடிவு வேறு. எதிரி உள்ளே வந்துவிட்டான், அவனுக்கே வீட்டைக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்தேன். எம்5 மரை வெட்டுவதற்கு 4.2 மில்லிமீட்டர் துளை வேண்டும். 10-32 நட்டின் உள்விட்டம் ஏறக்குறைய 4.1. எம்5 டேப்பை நேராக நிறுத்தி, எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே கால் சுற்று பின்னே என்று ஓட்டினால் சுத்தமான எம்5 மரை கிடைக்கும். நட்டின் நீளம் 5 மில்லிமீட்டர்தான். அதற்குள் 0.794-க்கும் 0.8-க்கும் உள்ள வேறுபாடு 0.04 மில்லிமீட்டரைத் தாண்டாது. ஒரு நட்டை மட்டும் மாற்றாமல், நல்ல நிலையில் இருந்த மற்ற இரண்டையும் அப்படியே மாற்றினேன். இரண்டு அளவு போல்ட் ஒரே பெட்டியில் இருந்தால் அடுத்தவர் மறுபடியும் மாற்றிப் போடுவார். நம் ஊரில் எந்தக் கடையிலும் எம்5 கிடைக்கும், இரவு பத்து மணிக்கு மேடையில் ஒன்று தொலைந்தாலும் கிடைக்கும். 1960-களில் செய்த, சேகரிப்பாளர்கள் தேடும் கருவியாக இருந்தால் நான் இதைச் செய்திருக்க மாட்டேன். அதற்கு வெளிநாட்டிலிருந்து அசல் அளவை வரவழைத்து, நட்டையே மாற்றியிருப்பேன். வாசிப்பதற்கென்றே இருக்கும் கருவிக்கு வாசிப்பவரின் ஊர் முக்கியம்.

சுற்றிய நட்டுதான் உண்மையான வேலை. அது தகட்டில் அழுத்திப் பதித்த நட்டு. அதன் விளிம்பில் பற்கள் போன்ற மேடுகள் இருக்கும். அவை தகட்டைக் கடித்துப் பிடிக்கும். போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியதில் பற்கள் தகட்டை வட்டமாக அரைத்துவிட்டன. பசை போட்டு ஒட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். வால்வுகளின் சூட்டிலும் ஸ்பீக்கரின் அதிர்விலும் அது ஆறு மாதம் தாங்கினால் அதிகம். வெல்டிங் வைக்கலாம் என்ற யோசனையும் வரும். மின்சுற்று உள்ளே இருக்கும் சேஸியில் வெல்டிங் வைக்கவே கூடாது. அந்த மின்னோட்டம் எந்த வழியாகப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்படியென்றால் தகட்டிலேயே பெரிய துளை போட்டு எம்6 மரை வெட்டினால் என்ன? தம்பி கேட்டதும் இதுதான். நியாயமான கேள்வி. பிஎச்இஎல் தொழிற்சாலைக்குப் பக்கத்து ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் நான் ஆரம்பத்தில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு துண்டுத் தகட்டை என் கையில் கொடுத்து, "எத்தனை மரை நிற்கிறது, எண்ணிச் சொல் தம்பி" என்றார். அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். சேஸியின் இரும்புத் தகடு 1.2 மில்லிமீட்டர் தடிமன். எம்6 மரையின் இடைவெளி 1 மில்லிமீட்டர். ஆக, ஒரே ஒரு சுற்றும் கொஞ்சமும்தான் பிடியில் இருக்கும். இரும்பில் மரை முழு வலுவோடு நிற்க, போல்ட்டின் விட்டம் அளவுக்காவது ஆழம் வேண்டும். அலுமினியத்தில் அதைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு. 6 மில்லிமீட்டர் ஆழம் கேட்கும் இடத்தில் 1.2 இருக்கிறது. பெரிய போல்ட் போடப் போடப் பிடி குறைந்துகொண்டே போகும். சேஸியில் மரை போன இடத்தையெல்லாம் அடுத்த அளவுக்குத் துளைத்துக்கொண்டே போகிறவர்கள், கடைசியில் தகட்டில் ஒரு சன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஸ்பிரிங் போன்ற கம்பிச் சுருளைத் திருகி உள்ளே இறக்கும் முறையும் உண்டு. ஸ்கூட்டர் மெக்கானிக்குகள் ஸ்பார்க் பிளக் மரை போனால் இதைத்தான் போடுகிறார்கள். ஹெலிகாயில் என்பார்கள். அருமையான பொருள். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களில் தடித்த அலுமினிய வெப்பத் தகட்டில் எம்4 மரை போனால் நானும் அதைத்தான் போடுகிறேன். மெல்லிய தகட்டுக்கு அது பொருந்தாது, சுருள் நிற்க ஆழம் இல்லை.

இந்த இடத்துக்கு உரியது ரிவெட் நட்டு. ஒரு குழல், அதன் தலையில் விளிம்பு, அடியில் மரை. துளைக்குள் நுழைத்து மரையைப் பிடித்து இழுத்தால் குழலின் நடுப்பகுதி தகட்டின் பின்னால் உப்பி, தகட்டை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். பின்பக்கம் கை எட்டும் இடமாக இருந்தால் இதுவும் வேண்டாம், சாதாரண நட்டும் பல் வாஷரும் போதும். இங்கே விளிம்பின் அடிப்பக்கம் சேஸிக்குள் இருக்கிறது, மேல் பலகை மூடிய பிறகு உள்ளே விரல் போகாது. எம்5 ரிவெட் நட்டுக்கு 7 மில்லிமீட்டர் துளை வேண்டும். பழைய நட்டு விட்டுப்போன துளை ஆறரைக்குப் பக்கம் இருந்தது. கொஞ்சம் பெரிதாக்கினால் போதும்.

பெரிதாக்குவதில்தான் ஆபத்தே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஆம்ப்ளிஃபயரில், அலுமினியச் சேஸியில் ஒரு துளையைப் பெரிதாக்கினேன். ஊதினேன், துடைத்தேன், பிரஷ் போட்டேன், நன்றாக இருக்கிறது என்று கொடுத்தும்விட்டேன். இரண்டு வாரத்தில் கருகிய வாசனையோடு திரும்பி வந்தது. ஒரு நகத்துண்டு அளவு அலுமினியச் சுருள் வால்வு சாக்கெட்டின் இரண்டாவது, மூன்றாவது கால்களுக்கு நடுவே போய் உட்கார்ந்திருக்கிறது. இஎல்34 வால்வில் மூன்றாவது கால் ஆனோடு, நானூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும் இடம். பக்கத்திலேயே இரண்டாவது கால், வால்வைச் சூடாக்கும் ஹீட்டர். சாக்கெட் கரியாகிவிட்டது, வால்வு போனது, ஃபியூஸ் போனது. என் செலவில் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தேன். அன்று முதல் என் கையில் டிரில் சேஸிக்குப் பக்கத்தில் வரும்போது முதல் கேள்வி துளை எங்கே என்பதல்ல, தூள் எங்கே விழும் என்பதுதான்.

இந்தச் சேஸியில் அதற்கு அரை மணி நேரம் செலவழித்தேன். வால்வுகளைக் கழற்றினேன். மின்சுற்றுப் பலகை முழுவதையும் பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களை அகலமான ஒட்டுநாடாவால் ஒட்டினேன். சேஸியைப் பக்கவாட்டில் நிறுத்தி, விளிம்பு செங்குத்தாக நிற்கும்படி வைத்தேன். விளிம்பின் பின்னால் தடித்த காகிதத்தில் ஒரு சிறு பை மடித்து, உட்புறம் கிரீஸ் தடவி ஒட்டினேன். டிரில் பிட்டின் பள்ளங்களிலும் கிரீஸ். வெளிவரும் தூள் காற்றில் பறக்காமல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். தம்பி வேக்குவம் கிளீனரின் வாயைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். சாதாரண டிரில் பிட் மெல்லிய தகட்டைக் கடித்து இழுத்துத் துளையை முக்கோணமாக்கிவிடும். அதனால் படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில்லை மெதுவான வேகத்தில் ஓட்டினேன். 7 மில்லிமீட்டர் படி உள்ளே போனதும் நிறுத்தினேன். துளையின் பிசிறை உருண்டை அரத்தால் எடுத்து, சுற்றிலும் இருந்த பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளபளக்க விட்டேன். காகிதப் பையைப் பிரித்தபோது உள்ளே கிரீஸில் ஒட்டிய இரும்புச் சுருள்கள் ஒரு தேக்கரண்டி அளவு இருந்தன. தம்பி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ரிவெட் நட்டு போடும் கருவி என்னிடம் அப்போது இல்லை. எம்5 போல்ட்டில் ஒரு நட்டு, ஒரு வாஷர், அதன் கீழே ரிவெட் நட்டு என்று கோர்த்து, போல்ட்டின் தலையை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்து, நட்டை இன்னொரு ஸ்பேனரால் இறுக்கினேன். முதலில் அதே தடிமன் கொண்ட துண்டுத் தகட்டில் இரண்டு போட்டுப் பழகிக்கொண்டேன். இதை மட்டும் தவிர்க்காதீர்கள். இறுக்கும்போது முதலில் லேசாகப் போகும், பிறகு குழல் உப்பத் தொடங்கும்போது கை கனக்கும், உப்பி முடிந்ததும் சுவரில் முட்டியது போல் நிற்கும். அங்கேயே விட்டுவிட வேண்டும். இன்னும் கால் சுற்று என்று ஆசைப்பட்டால் புது மரையும் போய்விடும். அலுமினிய ரிவெட் நட்டு மலிவு. தொங்கும் எடைக்கு அது ஆகாது, எஃகுதான் வேண்டும்.

சேஸி வெளியே இருக்கும்போதே எர்த் வயரையும் பார்த்தேன். பார்த்தது நல்லதாயிற்று. தானே மரை போட்டுக்கொள்ளும் ஒரு தகட்டுத் திருகில் பிடித்திருந்தார்கள், அதுவும் தளர்ந்து, விரலால் திருப்பினாலே சுற்றியது. சேஸி ஆடினால் கரகரப்போடு போகும். எர்த் விட்டுப்போன நாளில் உள்ளே ஏதாவது வயர் சேஸியைத் தொட்டால், கிட்டார் தந்தியைப் பிடித்திருப்பவர் உடம்பு வழியாகத்தான் மின்சாரம் இறங்கும். அந்தத் திருகைத் தூக்கி எறிந்தேன். அந்த இடத்தில் பின்பக்கம் கை எட்டியது. முழு போல்ட், சுரண்டிய இரும்பின் மேல் பல் வாஷர், எர்த் வயரின் வளைய முனை, அதன் மேல் நட்டு, பூட்டுவதற்கு இன்னொரு நட்டு. அந்த போல்ட்டில் வேறு எதையும் சேர்த்துப் பிடிக்கவில்லை. பிளக்கின் பெரிய முள்ளிலிருந்து சேஸிக்கு மீட்டரை வைத்தபோது அரை ஓமுக்கும் கீழே காட்டியது.

பெட்டியில் சேஸியை மாட்டும்போது ஒரு சின்னப் பழக்கம். போல்ட்டைத் துளையில் வைத்து, முதலில் இடப்பக்கமாக, கழற்றும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். மரையின் நுனியும் நுனியும் சந்திக்கும் இடத்தில் போல்ட் 'டக்' என்று ஒரு மயிரிழை கீழே இறங்கும். அந்த இடத்திலிருந்து வலப்பக்கம் திருப்பினால் மரை கோணல் ஏறவே ஏறாது. நான்கையும் முதலில் விரலால் மட்டும் இறக்கிவிட்டு, பிறகுதான் திருப்புளி, அதுவும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி. தம்பியையே நான்கையும் மாட்டச் சொன்னேன். மூன்றாவது போல்ட்டில் அந்த 'டக்' அவர் விரலுக்குத் தெரிந்தபோது என்னை நிமிர்ந்து பார்த்தார்.

கழற்றிய நான்கு பழைய போல்ட்டுகளையும் ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டு, 'நான்கும் எம்5 ஆக மாற்றப்பட்டன, ஒன்று ரிவெட் நட்டு' என்று எழுதித் தேதியும் போட்டு, பெட்டியின் உள்பக்கம் ஒட்டினேன். பிறகு அவர் கிட்டாரைச் செருகி, ஐந்தாவது தந்தியை விரல் வைக்காமல் மீட்டினார். ஒலி அடங்கும் வரை இருவரும் பேசவில்லை.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்த வாரம் சோதிக்கக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். மூன்று போல்ட்டுகள் அசையவில்லை. ரிவெட் நட்டில் இருந்தது மட்டும் ஒரு சிறு பிடி ஏறியது. மேல் பலகையின் மரம் கொஞ்சம் அமுங்கியிருந்தது. போல்ட்டின் தலைக்குக் கீழே அகலமான வாஷர் ஒன்றைக் கொடுத்து இறுக்கி அனுப்பினேன்.